இந்த வருடம் நாக்கில் நின்ற பெக் எது? பதினாறு வயசா, வயசே சொல்லாததா?

கோட்டை அகழி:

டிசம்பர் வந்துவிட்டது, கணக்கு முடிக்கிற நேரம். இந்த வருடம் என் நோட்டுப் புத்தகத்தில் 31 விஸ்கி ஏறியிருக்கிறது. பாட்டில் கணக்கு என்று பயப்பட வேண்டாம், 31 வகை. பெரும்பாலும் 30 மில்லியைத் தாண்டாதவை. வேலை விஷயமாக இரண்டு தடவை எடின்பரோ போனதில் கிடைத்த புண்ணியம்.

முதல் இடத்தை யோசிக்காமல் சொல்வேன்: லகவூலின் 16, அதாவது பதினாறு வருடம் பீப்பாயில் ஊறியது. ஸ்காட்லாந்தின் ஐலா தீவில் கடலைப் பார்த்தபடி நிற்கிற ஆலை. அந்தத் தீவில் பீட் என்கிற மக்கிய சதுப்பு மண்ணை வெட்டி எரித்து, அந்தப் புகையில் முளைகட்டிய பார்லியைக் காயவைக்கிறார்கள். ஆல்கஹால் 43 சதவீதம்தான். ஆனால் வாயில் விட்டால் முதலில் புகை, அப்புறம் உப்பு, அதற்கப்புறம் ஒரு இனிப்பு. அந்த இனிப்பு எழுந்து போகவே மாட்டேன் என்கிறது. இரண்டாவது கிளென்ஃபார்க்லஸ் 15, ஷெர்ரி ஒயின் பீப்பாயில் ஊறியது, 46 சதவீதம். உலர்ந்த திராட்சை, அத்திப்பழம், பின்னால் மெல்லிசாகத் தோல் வாசனை. மூன்றாவது ஸ்பிரிங்பேங்க் 10. கேம்பல்டவுன் ஊரில் இன்றைக்கும் பார்லியைத் தரையில் பரப்பி ஆள் வைத்துப் புரட்டி முளைகட்டுகிற ஆலை அது. ஹெதர் பூ, ஈரக் கல், எலுமிச்சைத் தோல்.

பெங்களூர், கோவா, ஹரியானா சரக்குகளையும் விடவில்லை. ஒன்றும் முதல் பத்துக்குள் வரவில்லை. லேபிளில் வயசு போடத் தைரியம் இல்லாத பாட்டில் மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. சரி, உங்கள் பட்டியலைப் போடுங்கள்.

ஆம்பூர் தோல்மண்டி:

அண்ணே, ஒரே ஒரு சந்தேகம். ஹெதர் பூவை எங்கே முகர்ந்தீர்கள், அமிர்தி காட்டிலா? யாரோ ஸ்காட்லாந்துக்காரர் எழுதியதைப் படித்துவிட்டு நாக்கை அதற்கு வளைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

என் முதல் இடம் பெங்களூர் அம்ருத் ஃப்யூஷன், 50 சதவீதம். நம் நாட்டுப் பார்லியையும் பீட் புகை ஏறிய ஸ்காட்லாந்துப் பார்லியையும் வைத்துச் செய்தது. 2009-ல் வந்தது. விஸ்கி விமர்சகர் ஜிம் முர்ரே தன் 2010 வழிகாட்டியில் அதை உலகத்திலேயே மூன்றாவது என்று எழுதினார். அந்தக் கம்பெனி தன் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் முளைகட்டிய பார்லியில் மட்டும் வடித்த விஸ்கியை, முதன்முதலில் விற்க இறங்கியது எங்கே தெரியுமா? 2004-ல், ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில். திருப்பதிக்கே போய் லட்டுக் கடை போட்ட மாதிரி. இரண்டாவது இடம் இந்த்ரி ட்ரினி. போர்பன் என்கிற அமெரிக்க விஸ்கிப் பீப்பாய், பிரெஞ்சு ஒயின் பீப்பாய், ஷெர்ரி பீப்பாய் மூன்றிலும் ஊறியது, 46 சதவீதம்.

இப்போது வயசுக்கு வருகிறேன். ஸ்காட்லாந்தில் பீப்பாயில் இருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. தேவதைகளின் பங்கு என்று அதற்குப் பெயர். பெங்களூரில் அதே பங்கு 10, 12 சதவீதம். 100 லிட்டர் ஊற்றி வைத்தால் ஸ்காட்லாந்தில் 16 வருடம் கழித்தும் 72 லிட்டர் மிஞ்சும். பெங்களூரில் 11 சதவீதம் என்று போட்டால் எட்டாவது வருடமே 39 லிட்டர், பதினாறாவது வருடம் 15 லிட்டர். அவர்களே 2013-ல் எட்டு வயசுச் சரக்கு ஒன்றை கிரீடி ஏஞ்சல்ஸ், அதாவது பேராசைத் தேவதைகள், என்று பெயர் வைத்து விட்டார்கள். அந்த ஊர் வயசை இந்த ஊரில் கேட்பது, வேலூர் மொட்டை மாடியில் மே மாதம் போட்ட வடகத்திடம் மூன்று மாதம் காய்ந்ததற்கு சர்டிபிகேட் கேட்பது போல இருக்கிறது.

இன்னொன்று. லகவூலினை நீங்கள் எடின்பரோ குளிரில் குடித்தீர்கள். ஃப்யூஷனை எப்போது குடித்தீர்கள் என்று எனக்கு ஞாபகம் இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில், கரண்ட் போன ராத்திரி, பனியனோடு உட்கார்ந்து. 36 டிகிரியில் 50 சதவீதச் சரக்கை மோந்தால் மூக்கில் ஸ்பிரிட் தவிர வேறென்ன ஏறும்?

காட்பாடி ஜங்ஷன்:

சாமி இல்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு என்று நம்ம ஊரைக் கேலி பண்ணுவார்கள். சாமி 1981-ல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். தண்ணிப் பிரச்சினையை இந்தத் திரியிலேயே முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது.

என் ஓட்டு ரெட்பிரெஸ்ட் 12. அயர்லாந்துச் சரக்கு, 40 சதவீதம். முளைகட்டின பார்லியோடு முளைகட்டாத பார்லியையும் சேர்த்துத் தாமிர வாலையில் வடிப்பது. யாரோடும் சண்டைக்குப் போகாத விஸ்கி. நீங்கள் தொடருங்கள்.

கோட்டை அகழி:

தம்பி தோல்மண்டி, ஆகஸ்டில் எடின்பரோவை விட்டு வடக்கே போனால் மலைச் சரிவு முழுக்க ஊதாவாகக் கிடக்கும். அதுதான் ஹெதர். காரை நிறுத்தி இறங்கி முகர்ந்தேன். ரசீது வேண்டுமா?

கணக்கெல்லாம் சரி. ஆவியாவது வேறு, பழுப்பது வேறு. கார்பைடு கல் வைத்த மாம்பழமும்தான் இரண்டு நாளில் மஞ்சளாகிவிடுகிறது. அறுத்தால் கொட்டையைச் சுற்றிப் புளிப்பு. வெயில் மரத்தின் நிறத்தைச் சீக்கிரம் இழுத்துவிடும். சாராயத்தின் முரட்டுத்தனம் அடங்கக் காலம்தான் வேண்டும். ஃப்யூஷன் முதல் மடக்கில் பிரமாதம், இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாவது மடக்கில் பச்சைப் பலகையைக் கடித்த மாதிரி இருக்கிறது.

கரண்ட் போனது உண்மை. பனியன் விஷயம் இங்கே அனாவசியம்.

ஆம்பூர் தோல்மண்டி:

வயசு போடாத பாட்டிலை நம்ப மாட்டீர்கள், சரி. போன வருடம் இதே திரியில் ஆர்ட்பெக் ஊகடாலைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடியது யார்? 54.2 சதவீதம், லேபிளில் வயசே கிடையாது. ஐலாவில் பிறந்தால் வயசு கேட்க மாட்டீர்கள், பெங்களூரில் பிறந்தால் பர்த் சர்டிபிகேட் கேட்பீர்களா?

முள்ளுக்கத்திரி:

வேதியியல் வாத்தியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆகிறது. ஆனாலும் இரண்டு பேர் ஆளுக்குப் பாதி சரியாகச் சொல்லிச் சண்டை போட்டால் கை சாக்பீஸைத் தேடுகிறது.

அகழி சார், லேபிளில் உள்ள 16 என்பது உள்ளே சேர்ந்த பீப்பாய்களிலேயே இளையதன் வயசு. அதோடு இருபது வயசும் கலந்திருக்கலாம். அது சராசரியும் கிடையாது, தர முத்திரையும் கிடையாது. ஸ்காட்ச் சட்டம் கேட்பதெல்லாம் 700 லிட்டருக்கு மிகாத ஓக் பீப்பாயில் குறைந்தது 3 வருடம், பாட்டிலில் குறைந்தது 40 சதவீதம். அதிலும் நிறத்துக்குக் கேரமல் சேர்க்க அனுமதி உண்டு. கிளாஸைத் தூக்கிப் பார்த்துவிட்டு என்ன ஒரு நிறம் என்று சொல்கிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

தோல்மண்டி தம்பி, உங்கள் வடகத்திலும் ஓட்டை இருக்கிறது. பீப்பாய்க்குள் ஒரு வேலை மட்டும் நடப்பதில்லை. மரத்தில் இருந்து வனிலா வாசனை தருகிற வனிலினும் துவர்ப்பான டானினும் நிறமும் இறங்குகின்றன. உள்பக்கம் கருக்கிய கரி, கந்தக நெடியை உறிஞ்சிக்கொள்கிறது. மரத்தின் நுண்துளை வழியே காற்று போய்வர, அமிலமும் ஆல்கஹாலும் மெல்லச் சேர்ந்து எஸ்டர்கள் ஆகின்றன. பழ வாசனை பெரும்பாலும் அதன் புண்ணியம். சூடு எல்லாவற்றையும் விரட்டும், ஆனால் ஒரே வேகத்தில் விரட்டாது. அடுப்பைக் கூட்டி வைத்தால் மசாலா பிடித்துவிடும், அரிசி நடுவில் விதையாக நிற்கும். ஆம்பூர்க்காரருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். எப்போது ‘தம்’ உடைப்பது என்று தெரிந்தவன் நல்ல பிரியாணி போடுகிறான். வெயில் ஊர் விஸ்கியும் அப்படித்தான், எந்த நாளில் பீப்பாயைக் காலி செய்வது என்பதில் இருக்கிறது கைப்பக்குவம். சில பாட்டிலில் அது கைகூடுகிறது, சிலதில் மரம்தான் முன்னால் வந்து நிற்கிறது.

நீங்கள் இரண்டு பேருமே தொடாத விஷயம் ஒன்று. நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட்டில் கொஞ்சம் மால்ட் விட்டுக் கலந்தது. ஐரோப்பாவில் அதற்கு விஸ்கி என்ற பெயரே போட முடியாது. அம்ருத், பால் ஜான், இந்த்ரி மூன்றும் தானியத்தில் வடித்தவை. அந்தச் சண்டையில் அவை உங்கள் பக்கம் அகழி சார்.

என் முதலிடம் லஃப்ராய்க் 10. மகள் டியூட்டி ஃப்ரீயில் வாங்கி வந்தாள். ஆளுக்கு 2 லிட்டர்தான் அனுமதி, அதில் ஒன்றை அப்பாவுக்கு ஒதுக்கியது பெரிய விஷயம். மூடியைத் திறந்ததும் டிங்சர் அயோடின். சின்ன வயசில் முழங்கால் தேய்ந்து ஆஸ்பத்திரிக்கு ஓடிய நாள் அப்படியே வந்தது.

மட்டுறுத்துனர்:

சித்தூர்ப் பக்கம் கிடைக்கிற விலையை எழுதி, ‘பைக்கில் போனால் ஒரு மணி நேரம்’ என்று போட்டிருந்த பதிவை நீக்கியிருக்கிறேன். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்டில் மாட்டிக்கொண்டு இந்தத் திரியைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டாம். குடித்ததைப் பற்றி எழுதுங்கள், கடத்துவதைப் பற்றி வேண்டாம்.

குடியாத்தம் குடிக்காதவள்:

மூன்று நாளாக வாசிக்கிறேன். நான் நர்ஸ், இருபது வருடமாக வார்டு வேலை. முதலில் வாத்தியாருக்கு ஒரு திருத்தம். டிங்சர் அயோடினை நாங்கள் கைவிட்டு எத்தனையோ காலம் ஆகிறது. இப்போது போடுவது போவிடோன் அயோடின், அதில் அந்த நெடி கிடையாது. எங்கள் டாக்டர் ஒருவர் அந்த லஃப்ராய்க் பாட்டிலைக் கொண்டுவந்து எங்களை மோந்து பார்க்கச் சொன்னார். அது அயோடின் வாசனை இல்லை சார். தரை துடைக்கிற பழைய லைசால், அதாவது கிரிசால்.

இரண்டாவது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து எழுதிய வாசனைப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்குக் கதவைத் திறந்தால் வருகிற வாசனை. மறைப்பதற்கு வாயில் போட்ட சோம்பு, அதற்கு அடியில் அது. எங்கள் அப்பா குடித்தது குவார்ட்டர் பிராந்தி. 31 என்று அகழி சார் சந்தோஷமாக எண்ணுகிறார். எங்கள் வீட்டிலும் எண்ணினோம், குடிக்காத நாட்களை. கார்த்திகையில் மாலை போட்டால் 48 நாள் வீடு வீடாக இருக்கும். மாலையைக் கழற்றுகிற நாள் அம்மா முகத்தைப் பார்க்க முடியாது. ஹெதர் பூ, அத்திப்பழம் என்று பேர் வைத்தால் அது வேறு பொருள் ஆகிவிடுமா?

கோட்டை அகழி:

சகோதரி, உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் வாரம் ஒரு நாள் 30 மில்லியை ஒரு மணி நேரம் வைத்திருப்பதையும் அதையும் ஒன்றாகப் பார்க்க முடியாது.

குடியாத்தம் குடிக்காதவள்:

எங்கள் வார்டில் படுத்திருக்கிற யாரும் குவார்ட்டரில் ஆரம்பித்தவர்கள் இல்லை சார்.

முள்ளுக்கத்திரி:

கிரிசால் என்று நர்ஸம்மா சொன்னது சரி, திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேன். பீட் புகையில் இருந்து பார்லியில் ஏறுவது பீனால், கிரிசால், குவையாக்கால் வகையறாதான். நாற்பது வருடம் சொல்லிக்கொடுத்தவன் மூக்கை நம்பி ஏமாந்தேன்.

இரண்டாவது விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. 1937-ல் ராஜாஜி சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1939-ல் நம்ம வட ஆற்காட்டுக்கும் வந்தது. எங்கள் அம்மா அந்தக் காலத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் சொல்வார்கள், ‘பானையில் அரிசி இருந்தது’ என்று. அம்மா இருந்தவரை நான் வீட்டில் பாட்டில் வைத்ததில்லை.

ஆம்பூர் தோல்மண்டி:

அக்கா சொன்னதற்குப் பிறகு தோல் வாசனையைப் பற்றி எழுத ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் எழுதி வைத்துவிட்டேன், போட்டுவிடுகிறேன்.

அகழி அண்ணன் கிளென்ஃபார்க்லஸில் ‘தோல்’ என்கிறார். எந்தத் தோல்? எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இதே தொழில். உப்புப் போட்டு வந்த பச்சைத்தோலுக்கு ஒரு நாற்றம், சுண்ணாம்புக் குழியில் கிடப்பதற்கு ஒரு நாற்றம். குரோம் போட்டால் ஈர நீலத்தில் வருகிறதே, அதற்கு ஒரு மருந்து நெடி. இதையெல்லாம் யாரும் கிளாஸில் தேட மாட்டார்கள். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பழைய முறையில் பதனிட்ட தோல் இருக்கிறது பாருங்கள், அதை வெயிலில் வைத்துத் தொட்டால் கொஞ்சம் இனிப்பும் துவர்ப்புமாக ஒரு வாசனை வரும். அகழி அண்ணன் சொல்வது அதுவாக இருந்தால் ஒப்புக்கொள்கிறேன். காரணமும் உண்டு. பட்டையில் இருப்பதும் டானின், ஓக் மரத்தில் இருப்பதும் டானின். மலைப்பக்கம் சாராய ஊறலுக்கு வேலம்பட்டை போடுவார்கள். எங்கள் தாத்தா காலத்தில் வேலம்பட்டை தோலுக்கும் போகும், ஊறலுக்கும் போகும். பட்டை ஏற்றி வருகிற வண்டி எங்கே போகிறது என்று போலீசுக்குச் சந்தேகம் வருமாம்.

அதனால் சொல்கிறேன், ஈரக் கல், ஹெதர் எல்லாம் விடுங்கள். ஃப்யூஷனில் எனக்கு வருவது கருப்பட்டி, வறுத்த கொத்தமல்லி, அணைந்த விறகடுப்பு. என் பாட்டி வீட்டுச் சமையலறை. இதை எழுதினால் ஆம்பூரில் பத்துப் பேருக்குப் புரியும்.

காட்பாடி ஜங்ஷன்:

பேசியது போதும், பாட்டிலை மறைத்து வைத்துப் பார்த்துவிடலாம் என்று போன வாரம் நான் தனியாகச் செய்தி அனுப்பியதில் நாலு பேர் ஒத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை ராத்திரி சத்துவாச்சாரியில், என் வீட்டு மொட்டை மாடியில் நடந்தது. பல் பிடுங்கி ஆன்டிபயாடிக்கில் இருப்பதால் நான் குடிக்கவில்லை. ஊற்றுவதும் எழுதுவதும் மட்டும் என் வேலை. மார்கழிக் குளிர், சால்வையோடு உட்கார்ந்தார்கள், ஆகவே கரண்ட், பனியன் குற்றச்சாட்டுகள் செல்லாது.

லகவூலின் 16 அகழி சார் பீரோவில் இருந்து வந்தது. மற்ற மூன்றும் ஃப்யூஷன், இந்த்ரி ட்ரினி, கிளென்ஃபார்க்லஸ் 15. நாலு கிளாஸுக்கு அ, ஆ, இ, ஈ என்று பேர். ஆளுக்கு ஒவ்வொன்றிலும் 15 மில்லி. வந்தவர்கள் அகழி, தோல்மண்டி, வாத்தியார், அப்புறம் அகழி சாரின் மச்சான். அவர் மனைவியின் தம்பி. பிராந்தி தவிர வேறெதையும் தொட்டதில்லை என்றும், பிரியாணிக்காகத்தான் வந்ததாகவும் முதலிலேயே சொல்லிவிட்டார்.

அகழி சார் ‘ஆ’ கிளாஸை வைத்துக்கொண்டு கால் மணி நேரம் கண்ணை மூடினார். பிறகு எழுதியது என்னிடம் பத்திரமாக இருக்கிறது: ‘புகை அடக்கமாக இருக்கிறது. நீளமான முடிவு. குறைந்தது 12 வயசு, ஐலா இல்லாவிட்டாலும் ஏதோ ஒரு தீவு. முதலிடம்.’ அது அம்ருத் ஃப்யூஷன்.

தோல்மண்டி சந்தோஷப்படுவதற்குள் அவர் சீட்டைப் பிரித்தேன். ஃப்யூஷனை அவரும் முதலில்தான் வைத்திருந்தார், அதைச் சரியாகவும் கண்டுபிடித்தார். ஆனால் கடைசி இடத்தில் போட்டு, ‘மரத்தூள் சாறு, யாரோ அவசரப்பட்டுவிட்டார்கள்’ என்று எழுதியிருந்தது இந்த்ரி ட்ரினியை. இந்தத் திரியில் அதற்கு இரண்டாவது இடம் கொடுத்தவர் அவர்தான்.

வாத்தியார் மூன்றாவது கிளாஸுக்கு மேல் மூக்கு வேலை செய்யவில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுத் தயிர்ப் பச்சடியைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டார்.

ஆச்சரியம் மச்சான்தான். நாலையும் வரிசையாக ஒரு மடக்கு விட்டு, ‘இ’ கிளாஸைத் தட்டி, “இது தேவலாம், பழகின மாதிரி இருக்கு” என்றார். லகவூலின். அவ்வளவு புகை முதல் தடவை குடிக்கிறவர்களுக்கு ஒத்துக்கொள்ளாது, முகத்தைச் சுளிப்பார்கள். இவர் மீதியையும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

குடியாத்தம் குடிக்காதவள்:

வண்டியை யார் ஓட்டியது?

காட்பாடி ஜங்ஷன்:

நான்தான் அக்கா. வாத்தியாரைத் தொரப்பாடியில் இறக்கி, மற்ற மூன்று பேரையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வர ஒன்றரை மணி.

குடியாத்தம் குடிக்காதவள்:

சரி.

கோட்டை அகழி:

ஏமாந்தேன், மறுக்கவில்லை. ஆனால் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஃப்யூஷன் 50, லகவூலின் 43. பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் சத்தமாகப் பேசுகிறவன்தான் காதில் விழுவான். இது விஸ்கி குடிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நாலையும் ஒரே அளவுக்குத் தண்ணீர் விட்டு இறக்கிப் பார்த்திருக்க வேண்டும்.

முள்ளுக்கத்திரி:

இந்த ஆட்சேபம் நியாயமானது. 30 மில்லி ஃப்யூஷனை 43-க்கு இறக்க 5 மில்லி தண்ணீர், ஒரு டீஸ்பூன். மற்ற இரண்டும் 46, அவற்றுக்கு 2 மில்லி போதும். வெறுமனே காரம் குறைவதற்காக மட்டும் சொல்லவில்லை. 2017-ல் ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் இரண்டு பேர் இதைக் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். குவையாக்கால், அதாவது புகை வாசனைப் பொருள், 45 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும்போது மேல்பரப்புக்குப் பக்கத்தில் நிற்கிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் அதைச் சூழ்ந்துகொண்டு உள்ளே இழுத்துவிடுகிறது. 50 இரண்டுக்கும் நடுவில். ஆக, தண்ணீர் விட்டால் ஃப்யூஷனில் புகை இன்னும் கூடத் தெரியலாம். உங்கள் ஆட்சேபம் உங்களுக்கே எதிராகத் திரும்பலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

ஆம்பூர் தோல்மண்டி:

இந்த்ரி விஷயத்தில் வாய் திறக்க எனக்கு யோக்கியதை இல்லை. வீட்டுக்கு வந்து என் பாட்டிலில் இருந்தே ஊற்றிப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. லேபிளைப் பார்த்துக்கொண்டு குடித்தேன், அதனாலா என்று தெரியவில்லை. என் பட்டியலில் இருந்து அதைத் தற்காலிகமாகத் தூக்குகிறேன். இரண்டாவது இடம் காலி.

கோட்டை அகழி:

ஞாயிறு ராத்திரி ஒரு டீஸ்பூன் கணக்கை வீட்டில் செய்து பார்த்தேன். ஃப்யூஷன் பாட்டிலைத் தோல்மண்டி விட்டுவிட்டுப் போனது வேண்டுமென்றேவா என்று தெரியாது. தண்ணீர் விட்டபின் அந்தப் பச்சைப் பலகை எங்கேயும் இல்லை. மே மாதம் நான் எழுதிய குறிப்பை எடுத்துப் பார்த்தால் ‘காரம், பலகை, வியர்வை’ என்று இருக்கிறது. வியர்வை என்னுடையது என்று இப்போது தோன்றுகிறது. வயசு போடாத பாட்டிலைப் பற்றி முதல் பதிவில் எழுதிய வரியை வாபஸ் வாங்குகிறேன். ஃப்யூஷனுக்கு மூன்றாவது இடம், ஸ்பிரிங்பேங்க் நாலுக்குப் போகிறது. லகவூலின் முதலிடம் மாறாது. அது நாக்குக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

ஆனால் இன்னொரு சிக்கல் வந்திருக்கிறது. லகவூலினைப் பீரோவில் திரும்ப வைக்கும்போதுதான் கவனித்தேன். ஆகஸ்டில் எடின்பரோ கிளம்பும்போது பாட்டில் பாதி இருந்தது, நோட்டில் தேதியோடு எழுதியிருக்கிறேன். அதற்கப்புறம் நான் தொடவே இல்லை. சனிக்கிழமை ஊற்றியது நாலு பேருக்கும் சேர்த்து 60 மில்லி, மச்சான் கேட்டு வாங்கியதையும் சேர்த்து 80 என்று வையுங்கள். இப்போது அடியில் இரண்டு விரல்கூட இல்லை. வேலூர் வெயிலுக்குக் கார்க் சுருங்கி ஆவியாகியிருக்குமா வாத்தியாரே?

முள்ளுக்கத்திரி:

கார்க் இறுக்கமாக இருந்தால் நாலு மாதத்தில் ஒரு கோடு குறையலாம். நீங்கள் சொல்கிற அளவு போக வாய்ப்பே இல்லை. பீரோவுக்குச் சாவி உண்டா?

கோட்டை அகழி:

ஒன்று என்னிடம். இன்னொன்று, நான் ஊரில் இல்லாதபோது பிளம்பர் வந்தால் வீட்டைத் திறந்துவிட வேண்டும் என்று கொத்தோடு மச்சானிடம் கொடுத்திருந்தேன்.

காட்பாடி ஜங்ஷன்:

யாரு, பிராந்தி தவிர வேறெதையும் தொட்டதே இல்லை என்றாரே, அவரா?